ரெண்டு வேளை கறந்து பார்த்த மெஷின்

முத்தாத்தாளைத் துடியலூருக்கு அனுப்பக் கூடாது. அந்தத் தை மாதம் முழுக்கக் கந்தப்பனுக்கு இருந்த நினைப்பு அது ஒன்றுதான். அறுத்துப் போட்ட மஞ்சள் செடியின் தழை வரப்பில் காய்ந்து கிடந்தது. காட்டில் பன்னிரண்டு பேர் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய மஞ்சளை வேகவைக்கிற பாய்லர்க்காரன் மூன்று நாளாக "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதெல்லாம் வருஷா வருஷம் உள்ள தொல்லை. பெண்டாட்டி வீட்டை விட்டுப் போவது நாற்பத்தாறு வருஷத்தில் இல்லாத தொல்லை.

மகன் தீபக் கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில் இருக்கிறான். மோட்டார் கம்பெனியில் வேலை, அடுக்கு மாடியில் வீடு. போன வாரம் போனில் சொன்னான்.

"அப்பா, அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க. மாத்தித்தான் ஆகோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. பங்குனில வெச்சுக்கலாம். பொறவு மூணு மாசம் எங்க ஊட்டுலயே இருக்கட்டும். லிப்டு இருக்குது. நடக்கப் பழக்கி உடற ஆளு ஊட்டுக்கே வருவாரு."

"பாக்கலாம்" என்று சொல்லிக் கந்தப்பன் போனை வைத்தார். அவர் வாயில் பாக்கலாம் என்று வந்தால் முடியாது என்று அர்த்தம். மகனுக்கும் அது தெரியும்.

முட்டி தேய்ந்தது பொய் என்று அவர் சொல்லவில்லை. பவானிக்குப் பக்கத்தில், காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டி, காட்டுக்குள்ளேயே அவர்கள் வீடு. சமையல்கட்டிலிருந்து கொல்லைப்புறத்துப் பொடக்காளிக்குப் போக முத்தாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டே போவாள். வெள்ளையடித்த சுவரில் இடுப்பு உயரத்துக்கு அவள் கை பட்டுப் பட்டு ஒரு கோடு கறுத்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தோசை வார்ப்பாள். எழுந்திருக்கும்போது முட்டிக்குள் சத்தம் கேட்கும். அடுத்த அறையில் இருக்கிற இவருக்கே கேட்கும்.

ஆனால் அந்த மூணு மாசக் கணக்கை அவர் நம்பவில்லை. வைத்தியத்துக்கென்று மகன் வீட்டுக்குப் போன வயசானவர்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்ததை அவர் பார்த்ததில்லை. முதலில் மழை என்பார்கள், அப்புறம் பேரப்பிள்ளைக்குப் பரீட்சை என்பார்கள், அப்புறம் ரேஷன் கார்டையே மாற்றிக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில்தான் சுந்தரராஜுலு வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவருக்கும் முட்டி வலிதான், போன வருஷம் நொண்டிக்கொண்டு திரிந்தார்.

"பச்ச மஞ்சச் சாறுங்க" என்றார். "காலைல ரெண்டே ரெண்டு கரண்டி. சுடுதண்ணில கலக்கி, நாலு மொளகத் தட்டிப் போட்டு. பொடி வேலைக்கு ஆவாது, பச்சக் கெழங்குச் சாறு. பாருங்க, நடக்கறேன்."

நடந்தும் காட்டினார். காட்டுவதற்காக நடக்கிற நடையைக் கந்தப்பன் நம்புகிறவர் இல்லை. மூன்று நாள் டீக்கடை மறைவில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது சுந்தரராஜுலு நொண்டுகிறாரா என்று கவனித்தார். நொண்டவில்லை. நாலாம் நாள் காட்டிலிருந்து விரலி மஞ்சளாகப் பார்த்து ஒரு படி பொறுக்கிக்கொண்டு வந்தார்.

மஞ்சளோடு ஐம்பது வருஷம் பழகியவர். விதைக்க, களை எடுக்க, தோண்ட, வேகவைக்க, காயவைக்க, ஈரோட்டு மண்டியில் கையை விட்டுப் புரட்டிப் பார்க்கிற வியாபாரியிடம் சண்டை போட, எல்லாம் தெரியும். பச்சை மஞ்சளில் சாறு பிழிய மட்டும் தெரியாது. கழுவி, உரலில் போட்டு இடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்கினார். அரைப் படி மஞ்சளுக்கு ஒன்றரைக் கரண்டி வந்தது. முழங்கை வரைக்கும் மஞ்சள். வேட்டி போச்சு, துண்டு போச்சு, கட்டிலில் கை வைத்த இடமெல்லாம் போச்சு.

மறுநாள் காட்டுக்குப் போனால் கிழங்கு தோண்டுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, பொண்ணு கிண்ணு பாத்திருக்குதுங்களா? மாப்பிள்ளையாட்ட மஞ்சப் பூசிட்டு நிக்கறீங்க?"

"உன்ற வேலையப் பாரு. கெழங்கை ரெண்டா வெட்டிப்போட்ட பாரு, அங்க."

"பொண்ணு எந்த ஊருங்க, சொன்னா கலியாணத்துக்கு நாங்களும் ஒறம்பரை வருவமுங்க."

காடு முழுக்கச் சிரிப்பு. கந்தப்பன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அப்புறம் மிக்சியில் போட்டார். தண்ணீர் ஊற்றினால்தான் சுற்றுகிறது, ஊற்றினால் சாறு நீர்த்துப் போகிறது. தண்ணீர் இல்லாமல் ஓட்டியபோது நார் பிளேடைச் சுற்றிக்கொண்டது. மூன்றாம் நாள் அடியிலிருந்து புகை வந்தது.

"போச்சுங்களா? இனி சட்டினிக்கு எங்க போறது?" என்றாள் முத்தாத்தாள். "எனக்கு ஒரு கரண்டி சாறு குடுக்கறதுக்குள்ள ஊட்டுல இருக்கற சாமானமெல்லாம் காலி பண்ணிப்போடுவீங்களாட்ட இருக்குது."

"மெஷின் வாங்கறேன்."

"எந்த மெஷின்?"

"சாறு புழியறதுக்குன்னே மெஷின் இருக்குதாம்."

அவள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்த ஆள் இல்லை அவர். ஒரு வாரமாகப் பொழுது விடிவதற்கு முன்னால் எழுந்து துணியை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். "ஏதோ பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று கிலோ விரலி மஞ்சளை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். முதலில் போனது கண்ணாடி போட்ட பெரிய கடை. கழுத்தில் பட்டி போட்ட பையன் அட்டைப் பெட்டியைக் காட்டினான். ஓட்டிக் காட்டு என்றார். பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும் என்றான். அடுத்த கடையிலும் அப்படியே. மூன்றாவது கடையில் சாக்கை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார்கள்.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் அக்பர் அலியின் கடை இருந்தது. முன்பக்கம் புது மிக்சி, கிரைண்டர் விற்பனை. பின்பக்கம் ரிப்பேர். மாடியில் வீடு. ஐம்பத்தைந்து வயசு ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மிக்சியின் வயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஓட்டிப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றார் கந்தப்பன், வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லாமல்.

"தாராளமா ஓட்டுங்ணா. எதைப் போட்டு ஓட்டறது?"

சாக்கை மேஜையில் கவிழ்த்தார். மண் வாசனையோடு மஞ்சள் உருண்டது. அக்பர் அலி ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அடேயப்பா. குங்குமப்பூவாட்ட இருக்குது. உங்க காடா?"

"திருடிட்டா வருவேன்?"

அக்பர் அலிக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு தினுசு இருக்குதுங்ணா. இது வேகமா சுத்தறது. உள்ள பல்லு வெச்ச தட்டு துருவித் துருவிச் சல்லடைல அடிக்கும். ஆப்பிளு, சாத்துக்குடிக்கு நல்லாருக்கும். வெலையும் கம்மி. இது மெதுவா சுத்தறது. உள்ளார திருகாணியாட்ட ஒண்ணு இருக்குது பாருங்க, இது நசுக்கிப் புழியும். செக்குன்னு வெச்சுக்குங்க."

"இது எதுக்கு இத்தன மெதுவா சுத்துது? கரண்டு பத்தலையா?"

"அதோட சொபாவமே அப்பிடித்தானுங்ணா."

"வேகமானதுல போடு."

மஞ்சளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துண்டு போட்டு, தராசில் அரைக் கிலோவை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். கந்தப்பன் இரண்டு பங்கையும் தானே நிறுத்துப் பார்த்தார். வேகமான மெஷின் கடை அதிரக் கத்தியது. கால் டம்ளர் வந்தது, அதிலும் பாதி நுரை. கந்தப்பன் சாற்றைப் பார்க்கவில்லை. சக்கை விழுகிற டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முறுக்கினார். விரல் இடுக்கில் சாறு ஒழுகியது.

"இத்தனையும் சக்கைல உட்டுப்போட்டுது பாரு."

"அதான் சொன்னேன்."

மெதுவான மெஷின் சத்தமே போடவில்லை. துண்டு துண்டாக உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு மூக்கில் சாறும் இன்னொரு மூக்கில் சக்கையுமாகத் தள்ளியது. அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. கந்தப்பன் சக்கையை எடுத்து முறுக்கினார். மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. இன்னொரு தடவை முறுக்கினார். ஒன்றும் வரவில்லை.

"எடுத்துக்கறீங்களா?"

"சாயங்காலம் இன்னொருக்கா ஓட்டிப் பாக்கோணும்."

"எதுக்குங்ணா?"

"மாடு வாங்கறதுன்னா ரெண்டு வேளை கறந்து பாத்துத்தான் கயித்தைக் கையில வாங்குவோம். விக்கறவன் மொத நாளே கறக்காம மடியைக் கட்டி உட்டிருப்பான். காலைல குடம் நெறையும். சாயங்காலந்தான் வண்டவாளம் தெரியும்."

"இது மெஷினுங்ணா. மடியா கட்டி வெச்சிருக்குது?"

"எனக்கென்ன தெரியும்? புதுசுல ஓடறது எல்லாம் நல்லாத்தான் ஓடும். மத்தியானத்துக்கு நாலு பேர்த்துக்கு இதையே ஓட்டிக் காட்டு. சூடு ஏறுன பொறவு நா பாக்கறேன்."

"அப்ப போயிட்டுச் சாயங்காலமா வாங்க."

"போனா நீ வேற மெஷினை மாத்தி வெச்சுப்போட்டா?"

சொல்லிவிட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்பர் அலி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் திருப்புளியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். வந்த ஆட்களிடம் எல்லாம், "பவானி அண்ணன். மெஷினுக்குக் காவல்" என்று சொன்னார்.

ஒரு மணிக்கு மாடியிலிருந்து அவர் சம்சாரம் சித்திகா சோறு கொண்டுவந்தாள். செங்குத்தான மரப்படி. ஒரு கையில் தூக்குப்போசியோடு இறங்கினாள். தண்ணீர் மறந்துவிட்டதென்று ஏறினாள். திரும்ப இறங்கினாள். அப்பளத்துக்காக இன்னொரு தடவை ஏறி இறங்கினாள். கந்தப்பனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேண்டாம் என்றார். "மெஷினைப் பாத்துட்டே சாப்பிடலாம்ணா, நாங்க யாரும் தொட மாட்டோம்" என்றாள். சாப்பிட்டார். பருப்பு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

"யாருக்குங்ணா இந்தச் சாறு?" என்று கேட்டார் அக்பர் அலி.

"ஊட்டுல. முட்டி."

"இவளுக்கும் அதேதான். ரெண்டு வருசம் முன்னாடி இந்தப் படில உக்காந்து உக்காந்து எறங்குவா. ரெண்டு முட்டியும் மாத்துனோம். இப்பப் பாருங்க, அப்பளத்துக்கு ஒருதரம், தண்ணிக்கு ஒருதரம்."

கந்தப்பன் தட்டை நகர்த்தி வைத்தார். "மெஷின் விக்கறவன் மெஷினைப் பத்திப் பேசோணும். ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கற வேலையும் பாக்கறயா?"

"கோவிச்சுக்காதீங்ணா. கேட்டதுக்குச் சொன்னேன்."

"நா கேக்கலயே."

அக்பர் அலி கை கழுவிவிட்டு வந்தார். அப்புறம் கந்தப்பனே ஆரம்பித்தார். "என்ற அக்கா ஒருத்தி. பக்கத்து ஊட்டுலதான் இருந்தா. கண்ணு ஆப்பரேசன்னு திருப்பூருக்கு மகன் ஊட்டுக்குப் போனா. ரெண்டே மாசம்னு சொன்னாங்க. நாலு வருசமாச்சு, இன்னும் வல்லெ. ஊடு பூட்டிக் கெடக்குது."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அவ ஊடு இங்க இருக்குது. அவதான் வரோணும்."

அக்பர் அலி தட்டுகளை எடுத்து அடுக்கினார்.

ஐந்து மணிக்கு இரண்டாம் கறவை. காலையில் வந்த அதே அளவு சாறு, அதே உலர்ந்த சக்கை. மெஷின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புத்தான். ஒன்பதாயிரத்து ஐந்நூறு சொன்னார் அக்பர் அலி. கந்தப்பன் பேரம் பேசி முந்நூறு குறைத்து, மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சித்திகா சொல்லி அனுப்பினாள்: "சின்னச் சின்னத் துண்டாப் போடுங்க. கடேசில ஒரு துண்டு வெள்ளரிக்கா போட்டா உள்ள இருக்கறதைத் தள்ளிட்டு வந்துரும். கறைக்கு மொதல்ல எண்ணெயத் தடவித் தொடைச்சுப்போட்டு, பொறவு சோப்புப் போட்டு வெய்யில்ல வைங்க."

வீட்டுக்கு வந்ததும் கந்தப்பன் எல்லாவற்றையும் முத்தாத்தாளிடம் சொன்னார். கடைக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கப் பார்த்ததையும், அந்தம்மா மரப்படியில் ஏறி இறங்கியதையும் சேர்த்தே சொன்னார். புகார் சொல்வது மாதிரித்தான் சொன்னார். முத்தாத்தாள் கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பினாள்.

மறுநாளிலிருந்து தினம் காலையில் மெஷின் ஓடியது. காட்டில் ஆள் இறங்குவதற்கு முன்னால் சாறு எடுத்து, சுடுதண்ணீரில் கலந்து, மிளகு தட்டிப் போட்டுக் கொடுப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள். நாக்கு ஆரஞ்சாக இருக்கும். குடித்த பின்னால் அவர் ஒரு சணல் கயிற்றை எடுத்து அவள் வலது முட்டியைச் சுற்றி அளப்பார். முதல் நாள் அளந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். வீக்கம் வற்றினால் கயிற்று நுனி முடிச்சைத் தாண்டிப் போக வேண்டும்.

"கொஞ்சம் வத்தியிருக்குது" என்பார்.

"வத்தியிருக்குங்களா?"

"கயிறு கொஞ்சம் இழுபடுது. அதான் தெரிய மாட்டீங்குது."

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. முடிச்சு இருந்த இடத்திலேயே இருந்தது. பதின்மூன்றாம் நாள் முத்தாத்தாள் வயிற்றைத் தடவினாள்.

"எரியுதுங்க. ராத்திரியெல்லாம் நெஞ்சுல காரம் ஏறுது. இன்னைக்கு வேண்டாம்."

கந்தப்பன் யோசித்தார். சாற்றை நிறுத்தினால் மகன் வந்து நிற்பான். மஞ்சள் எரிகிறதென்றால் அது பச்சையாக இருப்பதால்தான் என்று அவருக்குத் தோன்றியது. தோண்டிய மஞ்சளை வேகவைக்காமல் அவர் எப்போது விற்றிருக்கிறார்? வேகவைத்தால்தான் பச்சை வாடை போகும், நிறம் ஏறும், கெடாமல் இருக்கும். மஞ்சள் என்றால் முதல் வேலை அவிப்பது. ஐம்பது வருஷமாகக் கை அப்படித்தான் பழகியிருந்தது. ஒரு சட்டியில் மஞ்சளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். ஈர்க்குச்சி குத்தினால் இறங்குகிற பதம் வரைக்கும் விட்டார்.

"ஏனுங்க, சாறு எடுக்கறதை எதுக்குங்க அவிக்கறீங்க?"

"மஞ்சளைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தாரயா?"

ஆறவைத்துத் துண்டு போட்டு மெஷினில் போட்டார். மெஷின் இரண்டு சுற்றுச் சுற்றியது. சாறு வரவில்லை. சக்கையும் வரவில்லை. ஒரு முக்கல் முக்கி நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல். கந்தப்பனுக்குக் காது மடல் சிவந்தது. பில்லில் இருந்த நம்பரைப் பார்த்து அழுத்தினார்.

"பாய்! நீ குடுத்தது சண்டி மாடு."

"யாருங்க பேசறது?"

"பவானி. கந்தப்பன்."

"அடடா, ரெண்டு வேளை கறந்த அண்ணனா! சொல்லுங்க, என்னாச்சு?"

"படுத்துக்கிச்சு. எந்திரிக்க மாட்டீங்குது. ஏமாத்திப்போட்டயில்ல?"

"என்னங்ணா போட்டீங்க?"

"மஞ்ச."

"பச்சையாத்தான?"

"மஞ்சன்னா மஞ்சதான். நா என்ன கத்திரிக்காயா போட்டேன்?"

சமையல்கட்டிலிருந்து முத்தாத்தாள் குரல் கொடுத்தாள். "அவிச்சுப் போட்டாருங்க பாய்! சொல்லச் சொல்லக் கேக்காம அவிச்சுப் போட்டாருங்க!"

அந்தப் பக்கம் அக்பர் அலி சிரிப்பை அடக்கியது கேட்டது. "அண்ணா, வெந்த மஞ்சள்ல ஏதுங்ணா சாறு? பசையில்ல இருக்கும். ஒண்ணும் ஆகியிருக்காது. பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்குது பாருங்க, அது பின்னாடி சுத்தும். அதை அழுத்தித் திருகாணியக் கழட்டுங்க. சுடுதண்ணில ஊறப் போடுங்க, உட்டுரும்."

கந்தப்பன் பின்பட்டனை அழுத்தினார். திருகாணி கழன்று வந்தது. சுற்றிலும் களி மாதிரி மஞ்சள் அப்பியிருந்தது. அதை விரலால் வழித்துப் பார்த்தார்.

"போனை இங்க குடுங்க" என்றாள் முத்தாத்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து. "பாய், உங்க ஊட்டுக்காரம்மா இருக்காங்களா? கழுவறதுக்கு ஒண்ணு கேக்கோணும்."

நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டாள். கந்தப்பன் சுடுதண்ணீர்ச் சட்டியில் திருகாணியை வைத்துக்கொண்டு நாரால் தேய்த்தார். அவருக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"நல்லாருக்கீங்களா அம்மணி?... ஆமாங்க, அவருதான்... ரெண்டு முட்டியும் ஒட்டுக்கா பண்ணீங்களா, ஒண்ணொண்ணாவா?... ம்... வலி எப்பிடிங்க, பிரசவ வலியாட்டவா, அதுக்கு மேலயா?... ம்... எத்தன நாள்ல கோலூனாம நடந்தீங்க?... கக்கூசுக்கு?... அட ஆமாங்க, அதத்தான் நானும் நெனச்சு நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன், இதையப் போயி மகங்கிட்டக் கேக்க முடியுங்களா?" என்று சொல்லிச் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் போன வருஷத்தில் எப்போதோ கேட்டது.

அரைமணி நேரம் பேசினாள். வைத்தபோது கந்தப்பன் தேய்த்த திருகாணியையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவறதுக்கு என்ன சொன்னா?"

"கேக்க மறந்துபோட்டேன்." போனைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "நா ஆப்பரேசன் பண்ணிக்கறனுங்க."

"அப்ப இந்தச் சாறு?"

"சாறு நல்லாத்தான் இருக்குது. சுந்தரராஜுலு அண்ணனுக்குக் கேட்டிருக்கும். எனக்கு எலும்பு தேஞ்சு போச்சு. கயிறு பாத்தீங்கல்ல தெனமும். முடிச்சு நகந்துதுங்களா?"

"கயிறு இழுபடுதுன்னு சொன்னனல்ல."

"பன்னெண்டு நாளா இழுபடுதுங்களா?"

அவர் திருகாணியைத் தண்ணீரில் புரட்டினார். சட்டித் தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"போனா நீ வர மாட்டே" என்றார் கடைசியில். மெஷின் வாங்கினது எதற்கென்று அன்றைக்குத்தான் வாயை விட்டுச் சொன்னார். "யாரும் வரதில்ல. அக்கா வந்தாளா?"

முத்தாத்தாள் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "உங்க அக்கா கண்ணு நல்லாகி, துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு எட்டு மாசம் உக்காந்திருந்தாங்க. தம்பி வந்து கூப்புடுவான்னு. மகன் ஊட்டுலருந்து ஒருத்தி அவளாக் கெளம்பி வந்தா, மருமக தொரத்தி உட்டுட்டான்னுதான ஊரு பேசும்? யாராச்சும் போய்க் கூப்புட்டாத்தான் மரியாதையா வர முடியும். நீங்க அவளா வரட்டும்னு இங்க இருந்தீங்க. பொறவு மூட்டையப் பிரிச்சுப் போட்டாங்க."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். பாக்கலாம்னு சொன்னீங்க."

வெளியே பாய்லர் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஆட்கள் கூப்பிட்டார்கள். கந்தப்பன் எழுந்திருக்கவில்லை.

"நானும் போறேன். மூணு மாசம் முடிஞ்சன்னைக்கு வந்து கூப்புடுங்க, வாரேன். தீபக் காருல கொண்டாந்து உடறேன்னு சொன்னா வர மாட்டேன். நீங்க வரோணும்."

"அந்த ஊட்டுக்கு எனக்கு வழி தெரியாது."

"மூணு தடவை போயிருக்கறீங்க."

"காருல போனது. தூங்கிப்போட்டேன்."

முத்தாத்தாள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாசி கடைசியில் மருமகள் அக்ஷயா போன் செய்தாள். "மாமா, அத்தைக்கு ஏதோ மஞ்சச் சாறு குடுக்கறீங்களாமே. டாக்டர்கிட்டச் சொன்னேனுங்க. ஆப்பரேசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திரச் சொன்னாருங்க. ரத்தம் உறையறதுக்குத் தொந்தரவு ஆகுமாமுங்க." கந்தப்பன் சரி என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. எரிச்சலுக்காக ஒரு கரண்டியாகக் குறைத்துக் கொடுத்துவந்த சாற்றையும் நிறுத்தி, மறுநாளிலிருந்து முத்தாத்தாளுக்கு வெறும் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். அதையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மெஷின் அலமாரியில் ஏறியது. சுந்தரராஜுலு வந்து கேட்டுத் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். போகும்போது கந்தப்பன் சொன்னார்: "அவிச்சுப் போட்டுப்போடாதீங்க." சுந்தரராஜுலுவுக்குப் புரியவில்லை.

பங்குனியில் ஆப்பரேஷன் நடந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கொண்டுவந்த ஒவ்வொரு மாத்திரைக்கும் எதற்கு என்று கேட்டார். ஐந்தாம் நாள் முத்தாத்தாளைத் துடியலூருக்குக் கூட்டிப்போனார்கள். காய்கிற மஞ்சளுக்கு ஆள் இல்லை என்று இவர் பவானிக்குத் திரும்பினார். அவராகச் சோறு வடித்தார். முதல் நாள் குழைந்தது, இரண்டாம் நாள் அரிசியாக இருந்தது, அதற்கப்புறம் சாப்பிடுகிற மாதிரி வந்தது. மஞ்சள் காய்ந்து மூட்டை ஏறியது.

இருபதாம் நாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினார். பவானிக்கு ஒன்று, காந்திபுரத்துக்கு ஒன்று, மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற டவுன் பஸ் ஒன்று. துடியலூரில் இறங்கிப் பூக்காரியிடம் வழி கேட்டார். அவள் சொன்னது சரிதானா என்று மருந்துக்கடையில் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்களோ என்று ஒரு ஆட்டோக்காரனிடம் கேட்டார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். அப்படியும் இரண்டு தெரு தவறிப் போய்த் திரும்பி வந்தார். லிப்டை நம்பாமல் நாலு மாடி ஏறினார்.

கதவு திறந்திருந்தது. ஹாலில் முத்தாத்தாள் நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க! இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்குதே. அதுக்குள்ள கூப்புட வந்துட்டீங்களா?"

கந்தப்பனுக்கு மூச்சு வாங்கியது. துண்டால் கழுத்தைத் துடைத்தார். சோபாவில் உட்காரலாமா என்று அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"கூப்புட வல்லெ" என்றார். "வழி பாத்து வெச்சுக்கலாம்னு வந்தேன்."

"தெரிஞ்சுதுங்களா?"

"மூணு பஸ்சுதான்."